இரண்டு சார்ட்டுகளின் அழகு

வெப் சர்வர் திணறுகிறது என்று தகவல் வந்ததும், கிராஃபானாவின் வண்ணப் படங்களைத் திறப்பதற்கு முன்பே கைதேர்ந்த அட்மின் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டிவிடுவார். இணைப்புகளைக் கொட்ட எஸ்எஸ். அதில் எதிர்முனை முகவரியை மட்டும் உருவி, போர்ட் எண்ணை நறுக்கிப்போட ஆக். பிறகு சார்ட், யூனிக், மறுபடியும் சார்ட், ஹெட். எந்த ஐபியிலிருந்து எத்தனை இணைப்பு என்று பெரியது முதலாக வந்து நிற்கும்.

சார்ட் ஏன் இரண்டு தடவை? ரசிக்க வேண்டிய இடமே அதுதான். யூனிக்கின் ஞாபகசக்தி முந்தைய வரி வரைக்கும்தான். அடுத்தடுத்து வந்தால்தான் ஒரே முகவரி என்று அதற்குத் தெரியும். எனவே முதல் சார்ட் ஒரே முகவரிகளை ஒன்றாகக் கூட்டி நிறுத்துகிறது. எண்ணி முடித்தபின் அடுத்த சார்ட், எண்ணிக்கையில் பெரியதை மேலே ஏற்றுகிறது. இவற்றைக் கோக்கும் பைப், டக் மெக்கில்ராய் வருடக்கணக்கில் வற்புறுத்தி, 1973இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸில் சேர்த்தது. அப்போது வெப் என்ற ஒன்றே கிடையாது.

முகவரிக்குப் பதிலாக இணைப்பின் நிலையை எண்ணச் சொன்னால் ருசி இன்னும் கூடும். டைம்-வெயிட் ஆயிரக்கணக்கில் தெரிந்தால் புதியவர்கள் பதறுவார்கள். லினக்ஸில் ஒவ்வொன்றும் 60 வினாடியில் தானே கலைந்துவிடும், பெரும்பாலும் கவலை வேண்டாம். சின்-ரெசீவ்டு குவிந்தால் யாரோ தாக்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். உண்மையான விஷமி குளோஸ்-வெயிட். எதிர்முனை போனை வைத்துவிட்டது. நம் புரோகிராம் மட்டும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே நிற்கிறது. இது நேரம் போனால் சரியாகாது. நெட்வொர்க்காரரைத் திட்டியும் பயனில்லை, ஓட்டை கோடில்தான்.

பழைய கைகள் இன்னமும் நெட்ஸ்டாட் என்றே தட்டுகின்றன. தட்டட்டும். ஆனால் அது ப்ராக் கோப்புகளை வரிவரியாகப் படிக்கிறது. எஸ்எஸ் நெட்லிங்க் வழியாகக் கெர்னலையே கேட்டுவிடுகிறது. இணைப்புகள் பல்லாயிரமாகும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இந்த வரியை ஸ்கிரிப்டாக்கி, வாட்ச் போட்டு ஓடவிட்டுப் பார்ப்பது வரை சரி. எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டியதும் ஸ்கிரிப்டே ஐபிடேபிள்ஸில் தடை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே முகவரிக்குப் பின்னால் ஒரு கல்லூரி விடுதியே இருக்கலாம்; நீங்களே முன்னால் நிறுத்திய ப்ராக்ஸியாகவும் இருக்கலாம். தடை போடுமுன் அந்த முகவரி யாருடையது என்று ஹூயிஸில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.