வெள்ளாவியும் வெந்நீரும்

சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து மேற்கே திரும்புகிற மூலையில் இருக்கிறது கோடியக்கரை. வெளிமானைக் காணவும், பனிக்காலத்தில் சதுப்பில் வந்திறங்கும் பூநாரைகளைக் காணவும் அவ்வூருக்குப் போகிறவர்கள் அநேகர். அங்கே ஒரு ஜமக்காளத்தை வெளுத்து உலர்த்துவது எத்தனை நுட்பமான காரியம் என்பதைக் காணப் போனவர்கள் உண்டென்று நான் கேள்விப்பட்டதில்லை. ஆயினும், தண்ணீரின் உஷ்ணம் துணியையும் கறையையும் என்னென்ன செய்கிறது என்ற விஷயத்தில் ருசி உள்ளவனுக்கு, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வேதாரண்யத்து உப்பளங்களும் சூழ்ந்த அந்த மணல்மேட்டுப் பூமியைக் காட்டிலும் நல்ல பாடசாலை கிடையாது.

முதற்பாடத்தை உப்பே சொல்லிக்கொடுக்கிறது. சர்க்கரை வெந்நீரைக் கண்டால் தாராளமாகக் கரையும். உப்பின் சுபாவம் அப்படியல்ல. நூறு மில்லி பச்சைத் தண்ணீரில் ஏறக்குறைய 36 கிராம் கரைகிற கறியுப்பு, கொதிக்கிற நீரிலும் 39 கிராம் அளவோடு நின்றுவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியதே, அப்படிப்பட்ட நாட்களில் உப்புத் தண்ணீரில் ஊறிப்போகும் விரிப்புகளுக்கும் மெத்தைகளுக்கும் வேண்டியது சூடு அல்ல, நல்ல தண்ணீர். அதுவும் மாற்றி மாற்றி, நிறைய. அலசல் போதாவிட்டால் விரிப்பு நண்பகலில் சருகாகக் காய்ந்துவிட்டதாகத் தோன்றும். இரவில் காற்று ஈரமானதும் மறுபடி பிசுபிசுக்கும். கடலுப்போடு கூடிய மக்னீசிய உப்புகள் காற்றின் ஈரத்தைக் குடிப்பதால் வரும் வினை அது. வெந்நீர் சர்வரோக நிவாரணி என்று நினைப்பவர்கள் இந்த ஒரு திருஷ்டாந்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

எண்ணெயின் விஷயம் வேறு. கல்யாணப் பந்தலில் நாலு நாள் விரிந்து கிடந்த ஜமக்காளத்தில் தலையெண்ணெய், நெய், பாயசம், தாம்பூலச் சாறு எல்லாம் ஏறியிருக்கும். தேங்காயெண்ணெய் 24 பாகை சுமாரில் உருகும். நெய் 35 பாகைக்குள் இளகிவிடும். ஆகவே உடம்புச் சூட்டுக்குச் சற்று மேற்பட்ட வெதுவெதுப்பே அவற்றைப் பிடிவிடச் செய்யும். அதோடு, நீரே 20 பாகையில் இருப்பதைவிட 60 பாகையில் பாதிக்கும் குறைவான பாகுத்தன்மை உடையதாகி, இழைக்குள் சுலபமாக நுழைகிறது. ஆனால் இதே வெந்நீரை இரத்தக் கறையின்மேலும் பாற்கறையின்மேலும் ஊற்றுகிறவன், முட்டையை வேகவைப்பது போல அந்தப் புரதத்தை நூலிலேயே இறுகவைத்துவிடுகிறான். அவற்றுக்குப் பச்சைத் தண்ணீர்தான் மருந்து. மஞ்சளுக்கோ சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. சவுக்காரம் பட்டால் சிவந்து பயமுறுத்தி, பிறகு இரண்டொரு நாள் வெயிலில் தானே வெளிறிப்போகும்.

இந்த ஞானமெல்லாம் ஓரிடத்தில் திரண்டு வடிவம் கொண்டதுதான் வெள்ளாவி. காவிரிப் படுகையின் ஊர்களில் குளத்தங்கரையை ஒட்டி மண்ணால் எழுப்பிய அந்த அடுப்பை நேரில் பார்த்தவர்கள், அதன் அடக்கமான தோற்றத்துக்குள் எவ்வளவு யுக்தி ஒளிந்திருக்கிறது என்று எளிதில் ஊகிக்கமாட்டார்கள். வெளுக்கிறவர் முதலில் வீட்டுக்கு வீடு அடையாளமாகச் சேங்கொட்டைப் பாலால் இட்ட குறிகளைப் பார்த்துத் துணியை இனம் பிரிப்பார். அந்தக் கறுப்புக் குறி எந்த ஆவிக்கும் அசையாது. மற்ற அழுக்கெல்லாம் போன பிறகும் அது மட்டும் நிற்கும். சாயத் துணியும் பட்டும் கம்பளியும் அப்போதே விலகிவிடும். மிஞ்சிய பருத்தித் துணிகள் உவர்மண் கரைத்த நீரில் தோய்ந்து, பிழியப்பட்டு, அடியில் நீர்ப்பானையும் நடுவில் ஆவி ஏறும் வெளியும் விட்டு வளையமாக அடுக்கப்படும். மேலே பழந்துணி மூடி, முள் விறகோ பனைமட்டையோ இட்டு, சாயங்காலம் மூட்டிய தீ இரவு முழுவதும் எரியும்.

இங்கே ரசிக்கவேண்டியது ஒன்று உண்டு. துணி கொதிநீரில் மூழ்குவதில்லை. சட்டியின் அடியைத் தொடுவதும் இல்லை. ஆவி ஒன்றே அதைத் தீண்டுகிறது. கொதிநீர் ஒரு கிராம் 60 பாகைக்கு ஆறும்போது 40 கலோரி உஷ்ணத்தைத்தான் கொடுக்கும். அதே ஒரு கிராம் ஆவி துணியின்மேல் நீராகப் படியும் கணத்திலேயே 540 கலோரியைக் கொடுத்துவிடுகிறது. இழையிழையாகப் புகும் அந்த உஷ்ணத்தில் உவர்மண்ணின் சோடாக் காரம் எண்ணெய்ப் பசையைத் துணிக்குள்ளேயே சவுக்காரமாக மாற்றிவிடுவதால், விடியற்காலையில் கல்லில் நாலு அடி அடித்தால் அழுக்கு தன்னால் கழன்று போகிறது. ஆனால் வெண்மையாகப் பூத்திருக்கிறதே என்று கோடியக்கரைச் சதுப்பு மண்ணை அள்ளிக் கரைத்தால் காரியம் கெடும். அது காரமல்ல, வெறும் உப்பு. இத்தகைய பேதங்களை ஏட்டில் எழுதாமல் கையில் வைத்திருந்தவர்களுக்குக் களத்து நெல்லை அளந்து கொடுத்துவிட்டு, வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த நம் முன்னோரின் ரசனையை நான் மெச்சுவதற்கில்லை.

இன்று கடல் கடந்து சம்பாதித்தவர்களின் கூடங்களில் சோபாக்கள் வந்துவிட்டன. அவற்றைக் குளத்துக்குத் தூக்கிப் போக முடியாது. தண்ணீர்தான் வீட்டுக்கு வரவேண்டும். யந்திரத்தோடு வருகிறவர்கள் நீராவி என்று சொன்னாலும், பெரும்பாலும் பாய்வது வெந்நீரே. அழுத்தத்தோடு பீய்ச்சி, அழுக்கோடு அந்தக் கணமே உறிஞ்சிக்கொள்கிறார்கள். முறை நல்ல முறைதான்; சூடான நீரின் மிச்சம் சீக்கிரம் உலரும் என்ற சௌகரியமும் உண்டு. குறை என்னவென்றால், பருத்திக்கும் பட்டுக்கும் கம்பளிக்கும் ஒரே உஷ்ணத்தை வைத்துவிடுகிற கைகள் பல. கம்பளியோ சூடும் காரமும் தேய்ப்பும் ஒன்றுசேர்ந்தால் சுருண்டு கெட்டியாகிவிடும். கோடு போட்ட பவானி ஜமக்காளத்தின் சாயம் உறுதியானதா என்று ஒரு மூலையில் ஈரத்துணியை ஒற்றிப் பார்க்காமல் வெந்நீரை விட்டால், சிவப்பு பக்கத்துக் கோட்டில் குடியேறிவிடலாம்.

உலர்த்துவதைப் பற்றியும் சொல்லவேண்டும். காஞ்சியில் திருக்குறிப்புத் தொண்டர் அடியவரின் கந்தையை வெளுத்துவிட்டு, ஓயாத மழையில் உலர்த்த வழியில்லாமல் கல்லில் தலையை மோதிக்கொள்ளத் துணிந்த சரித்திரத்தைப் பெரியபுராணத்தில் படித்தவர்களுக்கு, இந்தத் தொழிலின் பாதிச் சிரமம் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஐப்பசி கார்த்திகையில் கடலோரத்தில் சோபாவின் பஞ்சுவரைக்கும் நீரை இறக்குவது, எத்தனை சூடான நீராயினும், பூஞ்சைக்குப் பாய் விரிப்பதுதான்.

கோடியக்கரைப் பக்கத்தில் மணல்மேடுகளின் அடியில் தங்கும் மழைநீர் இனிப்பு. சற்று ஆழம் போனால் உவர்ப்பு. உப்பு நீரில் சவுக்காரம் நுரைக்காது. கம்பளத்தில் உப்பையும் விட்டுப் போகும். ஆகையால் கடலோரத்து வாசகர்கள் யந்திரக்காரரை அழைக்கும்போது, தண்ணீர் எத்தனை பாகைச் சூடு என்று விசாரிக்கும் முன், அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டு, ஒரு வாய் குடித்தும் பார்த்துக்கொள்வது நல்லது.