அவிழாத முடிச்சு: வரலாற்று நாவற் சுவையும் வன்னிக் கதையும்

தமிழில் வரலாற்று நாவலை வளர்த்தவர்கள் வாசகர்கள். விமரிசகர் அதனைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவைத்தனர். 1968இல் வெளிவந்த க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' நடப்பியலை அளவுகோலாகக் கொண்டு நாவலை நோக்கிய நூலாகும். அவ்வளவுகோலின் முன்னே அரசிளங்குமரிகளும் சுரங்கப் பாதைகளும் தலைகுனிந்து நிற்பது இயல்பே. ஆயினும், 'பொன்னியின் செல்வ'னை விடிய விடியப் படித்து முடித்த மாணவன் மறுநாள் விரிவுரை மண்டபத்திலே அதனைப் பொழுதுபோக்கு இலக்கியம் என்ற ஒரு தொடராலே தள்ளிவிடுவதில் ஏதோ ஒரு போலித்தனம் உண்டு. சுவைத்தது ஏன் என்று விளக்க மாட்டாத விமரிசனம் தன் கடமையிற் பாதியையே செய்கிறது.

இவ்வகை நாவலின் சுவைக்கு மூன்று ஊற்றுகள் உண்டு. வரலாறு ஒன்று, காதல் ஒன்று, மர்மம் ஒன்று. முதலிரண்டையும் பற்றித் தமிழில் நிறையப் பேசப்பட்டுள்ளது. மூன்றாவதே கதையை நடத்திச் செல்வது. அதுவே குறைவாகப் பேசப்பட்டதும் ஆகும்.

கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களைக் கொண்டது. அதன் நடுவே கிடப்பது ஒரு கொலை. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் இறக்கிறான். கொன்றவர் யார்? உடையார்குடிக் கல்வெட்டு இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் எழுந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று இரவிதாசன் முதலியோரைக் குறித்து, அவர்தம் உறவினர் நிலங்கள் பறிமுதலானதையும் அது கூறுகிறது. ஆனால், கொலைக்குப் பின்னே நின்றவர் எவர் என்பதை அக்கல் சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் தமது சோழர் வரலாற்றில் உத்தம சோழன்மீது ஐயங்கொண்டார். அதனை மறுத்தோரும் உளர். வரலாற்றாசிரியர் வாதிட்டுக் களைத்த இடத்திலேதான் கல்கி தம் கதையைத் தொடங்குகிறார்.

அவர் செய்தது முடிச்சை அவிழ்ப்பதன்று, அதனை மேலும் இறுக்குவதே. வந்தியத்தேவன் மீது பழி விழுகிறது. இரவிதாசன் கூட்டத்தார் அங்கே இருக்கின்றனர். நந்தினியின் கையிலே வாள் இருக்கிறது. கரிகாலனோ தன் சாவைத் தானே தேடி வந்தவன்போல நடந்துகொள்கிறான். ஈற்றிலே பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம்மீது ஏற்றுக்கொள்கின்றார். அவர் சொல்வது உண்மையா, பெருந்தன்மையா என்ற ஐயம் வாசகன் மனத்திலே எஞ்சியே நிற்கிறது. நந்தினி யார் மகள், வீரபாண்டியனுக்கு அவள் என்ன முறை என்பனவும் இவ்வாறே தெளிவுற்றும் தெளிவுறாதனவாய் விடப்படுகின்றன. தொடர்கதை எழுதுபவர் வாரந்தோறும் வாசகனைக் கட்டிவைக்கச் செய்யும் தந்திரமென்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் தொடர் முடிந்து எழுபதாண்டுகள் கடந்த பின்னும் அக்கொலையைப் பற்றி வாசகர் தமக்குள் வாதிடுவதை அத்தந்திரம் ஒன்றினாலே விளக்க முடியாது.

ஒப்புநோக்க ஓர் ஆங்கில நாவலைச் சொல்லலாம். கல்கியின் கதை வாராவாரம் வந்துகொண்டிருந்த 1951ஆம் ஆண்டிலேயே ஜோசபின் டே எழுதிய 'காலத்தின் மகள்' வெளியானது. காலொடிந்து மருத்துவமனைக் கட்டிலிற் கிடக்கும் ஒரு துப்பறியும் அதிகாரி, மூன்றாம் ரிச்சட் தன் அண்ணன் பிள்ளைகளைக் கொன்றானா என்று நூல்களைக் கொண்டே ஆராய்கிறார். அவர் முடிவுக்கு வந்துவிடுகிறார்: ரிச்சட் குற்றமற்றவன். அந்நாவலின் இன்பம் தீர்ப்பின் இன்பம். கல்கி தருவதோ தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டதன் இன்பம். முன்னதைப் படித்தவன் நூலை மூடிவைத்து உறங்குவான். பின்னதைப் படித்தவன் நண்பனை எழுப்புவான்.

வன்னி நிலத்து வாசகர்க்கு இந்நாவலின் இரண்டாம் பாகமாகிய 'சுழற்காற்று' தனிச்சுவை உடையது. கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகிலே ஈழக்கரை சேரும் வந்தியத்தேவன், மாதோட்டத்திலிருந்து ஆழ்வார்க்கடியானோடு காட்டு வழியே தம்புள்ளை நோக்கிச் செல்கிறான். பின்னர் அநுராதபுரத்திலிருந்து வடக்கே தொண்டைமானாற்றுக் கழிமுகம் வரையும் கதை யானைமீதேறி ஓடுகிறது. இவ்விரு வழிகளுக்கும் இடையே கிடக்கும் பெருநிலம் எது என்று வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ பிறந்தவனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்கியின் பேனாவில் அது பெரும்பாலும் காடாகவே கடந்துபோகிறது. குளமும் வயலும் பாலையும் வீரையும் நிறைந்த நாட்டை வெறுங்காடாகக் கண்டது ஒரு குறைதான். ஆயினும், தன் ஊரின் மேலாகக் கதை பாய்ந்து செல்வதைக் காணும் வாசகன் அக்குறையைத் தானே நிரப்பிக்கொள்கிறான். வேகமாகப் போகும் யானைக்கு இடையிலே ஒரு குளக்கட்டையும் போட்டுக் கொடுக்கிறான்.

இப்பாகத்தில் மர்மத்தை நடத்தும் கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஊமை ராணி மந்தாகினி தன் கதையைச் சித்திரங்களாலே சொல்லும் பகுதியாகும். பேசமாட்டாதவள் சுவரிலே வரைந்து காட்டுகிறாள். அருள்மொழி அதனை வாசிக்கிறான். வாசகன் அருள்மொழியின் தோளுக்குப் பின்னே நின்று எட்டிப் பார்க்கிறான். தடயத்தை வைத்து உய்த்துணர்வதே துப்பறியும் கதையின் இன்பமெனில், அந்த இன்பம் இங்கே இரக்கத்தோடு கலந்து வருகிறது. சுந்தர சோழர் காலத்தில் இளவரசர் ஈழத்தில் இருந்தமைக்கு வரலாற்றுச் சான்று வலுவாக இல்லை. அப்போர்க்களத்தில் இறந்த கொடும்பாளூர்ச் சிறிய வேளானே சான்றுடையவன். இராசராசனின் ஈழப் படையெடுப்பு ஏறத்தாழ 993ஐச் சார்ந்தது. இவ்வுண்மையை அறிந்த பின்னும் அச்சித்திரங்களின் சுவை குறைவதில்லை என்பதே நோக்கற்பாலது.

இனி, வன்னிக்கென்றே உரிய கதைக்கு வரலாம். பண்டாரவன்னியனின் கதையிலே வரலாற்றுக் காதல் மர்ம நாவலுக்கு வேண்டிய அனைத்தும் உள்ளன. 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டை அவனிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான். குருவிச்சி நாச்சியாரின் காதலும் அவள் உயிர்விட்டதும் வாய்மொழியில் வாழ்கின்றன. அவன் தங்கையை மணக்க விரும்பி மறுக்கப்பட்ட காக்கை வன்னியன் அவனைக் காட்டிக்கொடுத்தான் என்று கதை சொல்லும். ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் 1895இல் வந்தது. திருகோணமலைத் த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி', தமிழின் முதல் வரலாற்று நாவல், அதே ஆண்டிலேதான் அச்சேறியது. வன்னியின் வரலாறும் ஈழத்தவர் எழுதிய வரலாற்று நாவலும் ஓராண்டிலே பிறந்தும் ஒன்றையொன்று சந்திக்க நெடுங்காலம் சென்றது. முல்லைமணி அதனை நாடகமாக்கினார், மு. கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என நாவலாக்கினார்.

இவ்வாக்கங்களிலே வீரம் உண்டு, காதல் உண்டு. மர்மம் இல்லை. காரணம் வெளிப்படையானது: துரோகி யாரென்பது திரை விலகுமுன்பே எல்லோருக்கும் தெரியும். காக்கை வன்னியன் மேடையேறும்போதே அவையோர் முகஞ்சுளிக்கின்றனர். அவன் பெயரே வசையாகிவிட்டது. அவன் ஏன் செய்தான், செய்தானா, அவனைத் தவிர வேறெவரும் கதவைத் திறந்துவிடவில்லையா என்ற வினாக்களுக்கு அங்கே இடமில்லை. கல்கி தம் இரவிதாசனுக்கும் ஒரு நியாயத்தைக் கொடுத்தார்: கொல்லப்பட்ட மன்னனுக்கு அவன் விசுவாசி. காக்கை வன்னியனுக்கு அப்படியொரு மறுபக்கத்தை எவரும் கொடுக்கவில்லை.

ஆனால் ஆவணமோ புதிரை வைத்துக்கொண்டிருக்கிறது. கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல் இவ்விடத்தில் அவன் தோற்கடிக்கப்பட்டான் என்று மட்டுமே கூறியது. கொல்லப்பட்டான் என்று கூறவில்லை. 1803க்குப் பின்னரும் அவன் வாழ்ந்தான் என்பது வரலாற்றாய்வாளர் பலர் கொண்ட கருத்தாகும். அவ்வாறாயின் எங்கே மறைந்திருந்தான், எவர் சோறிட்டார், எவர் வாய்மூடி இருந்தார்? காட்டிக்கொடுத்த ஒருவனைப் பற்றிக் கதை உண்டு. காட்டிக்கொடாத பலரைப் பற்றிக் கதை இல்லை. உண்மையான வரலாற்று மர்ம நாவல் அங்கேதான் காத்துக் கிடக்கிறது.

இஃது இலக்கிய நுட்பம் பற்றிய பேச்சு மட்டுமன்று. துரோகி என்ற சொல்லுக்கு வன்னியிலே அகராதிப் பொருளுக்கு மேலான பாரம் உண்டு. அச்சொல் ஒருவன்மீது விழுந்தபின் விசாரணைக்கு இடமிருந்ததில்லை என்பதை அந்நிலத்தின் அண்மைக்கால அனுபவம் அறியும். முதல் அத்தியாயத்திலேயே குற்றவாளியைக் காட்டித் தருகின்ற கதை வாசகனுக்கு வெறுக்கும் இன்பத்தைத் தருகிறது. ஐந்து பாகங்கள் கடந்தும் குற்றவாளி யாரென்று உறுதிசொல்லாத கதை அவனுக்குச் சந்தேகிக்கும் பயிற்சியைத் தருகிறது. அரண்மனைக் கதையென்று ஒதுக்கப்பட்ட ஒரு நூல் இப்பயிற்சியைத் தர, மண்ணின் கதையென்று போற்றப்பட்டவை தராமற் போனமை எண்ணிப்பார்க்கற்பாலது.

வார இதழ்த் தாள்களைக் கிழித்தெடுத்து, மணியத்தின் ஓவியங்களோடு சேர்த்துத் தைத்துக் கட்டிய 'பொன்னியின் செல்வன்' தொகுதிகள் ஒரு காலத்திலே வன்னி வீடுகளிலும் கைமாறி உலாவின. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளிலே கட்டிலும் பெட்டியும் போன வழியே அவையும் போயின. கற்சிலைமடுக் கல்லும் 2010இல் உடைக்கப்பட்டது. இன்று அந்நாவல் புதுப்பதிப்பாக எங்கும் கிடைக்கிறது. திரைப்படமாகவும் 2022இலும் 2023இலும் வந்து புதிய வாசகரைச் சேர்த்திருக்கிறது. கடம்பூர் மாளிகையில் விளக்கணைந்தபோது நடந்தது என்ன என்று அவர்களும் வாதிடத் தொடங்கியுள்ளனர். பண்டாரவன்னியன் கதையிலே விளக்கு அணைந்த இடம் எதுவென்று கேட்கும் நாவலாசிரியன் இன்னும் எழுதவில்லை.