பானெட் திறந்தபடி ஒரு விற்பனை

பண்பொழியில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டை விலை பேச வருகிறவர் முதலில் பெயிண்டைப் பார்க்கக் கூடாது. குனிந்து, முன்சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் கொக்கிகளை விடுவிக்க வேண்டும். பிறகு பானெட்டின் பின்விளிம்பைப் பிடித்துத் தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாவற்றோடும் சேர்ந்து வண்டியின் முகமே முன்னால் சாய்ந்து கொடுக்கும். எஞ்சின், ஸ்டியரிங் ராக், சஸ்பென்ஷன், சேசிஸ், எதற்கும் மறைப்பில்லை. முன்டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே பிளக் மாற்றலாம்.

இந்த ஒரு அசைவுக்காகவே ஹெரால்டை நேசிக்கிறவர்கள் உண்டு. இந்தக் கட்டுரையும் அவர்கள் கட்சிதான்.

ஜாகுவார் ஈ-டைப் தன் நீண்ட மூக்கை இப்படிச் சாய்த்துக் காட்டி ஜெனிவாவில் எல்லோரையும் மயக்கியது 1961-இல். ஹெரால்டு 1959-லேயே அதைச் செய்துவிட்டது. ஈ-டைப் கோடீஸ்வரர்களின் கொட்டகைக்குப் போனது. ஹெரால்டோ 1961 முதல் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையிலிருந்து நம் ஊர்ச் சாலைகளுக்கு வந்தது. அம்பாசிடர் கல்கத்தாவுடையது, பியட் பம்பாயுடையது. மெட்ராஸ் தனக்கென்று வைத்திருந்தது இதைத்தான்.

இந்தக் கார் இப்படிப் பிறந்ததற்குக் காரணம் ஒரு நெருக்கடி. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்கு உடல்கூடு செய்து கொடுத்து வந்த பிஷர் அண்டு லட்லோவைப் போட்டிக் குழுமமான பி.எம்.சி. 1953-இல் வாங்கிக்கொண்டது. ஒரே கூடாய் வரும் மோனோகாக் உடலுக்கு வழியில்லாமல் போனது. தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் தனிச் சேசிஸுக்கே திரும்பினார். அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டும் உடலை டுரினில் இருந்த ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்து கொடுத்தார். உதிரிகளாகக் கப்பலேற்றி எங்கே வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளலாம் என்பதால்தான் அது மெட்ராஸுக்கு வந்து சேர்ந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு ஹெரால்டைக் கழற்றி, சீர்செய்து, மறுபடி மாட்ட முடிவதும் அதே போல்ட்டுகளால்தான்.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று பியட் 1100 அன்பர்கள் கேட்பார்கள். 948 சி.சி. எஞ்சின், இங்கிலாந்து சலூனில் அதன் திறன் 35 குதிரைக்கும் சற்றுக் குறைவு. கணக்கு சரி. ஆனால் 1962-இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்பயரை யாரும் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று சொல்வதில்லை. அதன் முன்சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பின்னச்சு, சாயும் பானெட், வரைந்த கை, எல்லாமே ஹெரால்டு வீட்டுச் சொத்து. பிரிட்டனின் சிறு ரேஸ் கார்க்காரர்கள்கூட ஹெரால்டின் முன்சக்கரத் தண்டையும் ஸ்டியரிங் ராக்கையும் தேடி வாங்கினார்கள். லோட்டஸ் செவன் கையாளும் சுகத்தில் அந்த ராக்குக்கும் பங்குண்டு. ஸ்பிட்பயர் இந்தியாவில் தயாரானதில்லை. அதன் இரத்தம் இங்கே ஓடுவது இரண்டு கதவு ஹெரால்டில்தான்.

சோழவரத்தில் அது தெரிந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய ஆண்டுகளில், பம்பரைக் கழற்றிவிட்டு வந்த ஹெரால்டுகளும் பியட்டுகளும் ஒரே வளைவுக்குப் போட்டி போட்டன. பியட் நிமிர்ந்து வரும், ஹெரால்டு மூக்கைத் திருப்பிக்கொண்டு உள்ளே நுழையும். பார்த்தவர்கள் எந்த அணி என்பதை அங்கேயே முடிவு செய்துகொண்டார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தளம் வந்தபோது இரண்டும் பழங்காலத்து வண்டிகளாகிவிட்டிருந்தன. புதிய தளத்தில் பாதுகாப்பு அதிகம், தரை மேல். மூன்றாம் தெருவில் நிற்கும் காரைப் போன்ற ஒரு கார் சனிக்கிழமை பம்பரைக் கழற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓடும் காட்சி மட்டும் போய்விட்டது.

இன்று சீர்செய்த ஹெரால்டை விற்பவர்கள் இரண்டு வகை. முதல் வகை பெயிண்டை விற்கிறது. வெயிலில் மினுங்கும் மெட்டாலிக் நிறம், அகலமான அலாய் வீல், புது ரெக்சின் சீட், நாலு கோணத்தில் படம். ‘புல் ரெஸ்டோரேஷன்’ என்ற சொல்லுக்கு இன்று இவ்வளவுதான் பொருளாகிவிட்டது. துணி சுற்றிய ஒரு காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியில் நகர்த்திப் பார்த்தால் போதும். அது பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகடு இல்லை, பட்டி இருக்கிறது. துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, சுத்தியலால் சமன் செய்யும் டிங்கர் கை குறைந்துகொண்டே வருகிறது. பட்டி தேய்க்க ஒரு நாள் போதும், தகடு வைக்க ஒரு மாதம் வேண்டும். அந்த மாதத்துக்குக் காசு கொடுக்க ஆளில்லை என்பதே ஒர்க்‌ஷாப்காரர்களின் நியாயமான குறை.

இரண்டாம் வகை விற்பனையாளர் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்.

ஹெரால்டின் பானெட் முன்னால் இரண்டு கீல்களில் தொங்குகிறது. அந்தக் கீல்களை மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்த்தித்தான் பின்விளிம்பு இடைவெளியைச் சமன் செய்ய வேண்டும். சேசிஸ் சற்றே வளைந்திருந்தாலும், உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவே வைக்கும் ஷிம் தகடுகள் மாறிப் போயிருந்தாலும், இந்த இடைவெளி காட்டிக் கொடுத்துவிடும். இடப்பக்கம் விரல் நுழையும், வலப்பக்கம் உரசும். பட்டியால் கதவை அழகாக்கலாம், இந்த இடைவெளியை அழகாக்க முடியாது. மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் அந்தக் கோடு இறங்கினால், அந்த வண்டியைக் கழற்றி மாட்டியவர் சேசிஸிலிருந்து வேலையைத் தொடங்கியிருக்கிறார் என்று பொருள். இதைவிடச் சிறந்த சான்றிதழ் ஹெரால்டுக்குக் கிடையாது.

பானெட் திறந்திருக்கும்போதே இன்னொன்றையும் கேட்க வேண்டும்: முன்சக்கரத் தண்டின் அடியில் இருக்கும் பித்தளை டிரன்னியனுக்கு என்ன ஊற்றுகிறார்கள்? கிரீஸ் என்று பதில் வந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். கம்பெனிக் கையேடு கேட்பது கியர் ஆயில். கிரீஸ் உள்மரைக்குள் இறங்காது. காய்ந்த மரை துருவேறி, ஒருநாள் மெதுவாக வண்டியைத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். ஆயில் என்று தயங்காமல் சொல்கிறவரிடம் மற்றக் கேள்விகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

குற்றாலச் சாரல் வீசும் இந்த வட்டாரத்தில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை, கீழே படுத்து, ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டங்’ என்றால் இரும்பு. ‘பொத்’ என்றால் ஆனி, ஆடிச் சாரலெல்லாம் உள்ளே இறங்கிக் குடியிருந்திருக்கிறது.

மாற்றம் செய்யலாமா, கூடாதா? ஒரிஜினல் கட்சி கண்டிப்பானது. 2022 மே மாதம் ஸ்டுட்கார்ட்டில் 1955-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கூபே ஒன்று 13.5 கோடி யூரோவுக்குப் போனதைச் சொல்லி, தொடாத வண்டிக்கே மதிப்பு என்பார்கள். உலகில் இரண்டே இரண்டு செய்த காருக்கு அந்த வாதம் பொருந்தும். எதிர்க்கட்சி கலிபோர்னியாவின் சிங்கர் நிறுவனத்தைக் காட்டும். பழைய போர்ஷே 911-ஐ எலும்புவரை பிரித்து, புது எஞ்சினும் கார்பன் தகடும் வைத்து மறுபிறவி கொடுப்பவர்கள். கைவேலையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அங்கிருந்து பழைய 911-க்குத் திரும்பிப் போக வழியில்லை.

ஹெரால்டு இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு பாதையைத் தானே வைத்திருக்கிறது. போல்ட்டில் மாட்டியதைப் போல்ட்டில் கழற்றலாம். ஸ்பிட்பயரின் முன் டிஸ்க் பிரேக் ஹெரால்டின் தண்டில் வெட்டாமல் வெல்டு வைக்காமல் உட்காரும். ஒரே குடும்பம் அல்லவா. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், ரேடியல் டயர், சீட் பெல்ட், எல்லாம் அப்படியே. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாட்டி, இன்னொரு ஞாயிற்றுக்கிழமையில் கழற்றிவிடலாம். வேறு காரின் எஞ்சினைத் திணிக்க பல்க்ஹெட்டை அறுப்பது அப்படியல்ல.

பின்பக்கச் சஸ்பென்ஷனில்தான் உண்மையான சர்ச்சை. ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸில் பள்ளம் மேடுகளில் நன்றாகவே நடக்கும். வளைவுக்குள் வேகமாகப் போய்ப் பாதியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும். இந்தக் குறைக்கு ஸ்டாண்டர்டு மோட்டார் கண்ட தீர்வு, 1970-களின் கேஸல் காரில் அதை எடுத்துவிட்டு ஒரே தண்டான பின்னச்சை வைத்தது. மெக்கானிக்குகள் மகிழ்ந்தார்கள். கேஸல் உறுதியான வண்டி என்று இன்றும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், உறுதியில் சந்தேகமில்லை. ஆனால் டிரையம்ப் 1970-இல் ஸ்பிட்பயர் மார்க் IV-இல் செய்தது அழகு. பின்சக்கரங்களைத் தாங்கும் அதே குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு, எல்லாத் தகடுகளையும் இறுக்காமல், பெரும்பாலானவற்றை நடுவில் ஊசலாட விட்டார்கள். வண்டி சாயும்போது பட்டையும் கூடவே சாய்கிறது, சக்கரத்தை மடக்குவதில்லை. அந்தப் பட்டையையும், அதற்கு ஈடாக முன்னால் தடித்த ஆன்டி ரோல் கம்பியையும் ஹெரால்டில் மாட்டினால் பழைய பயம் போய்விடும். பழைய பட்டையைத் துடைத்து எண்ணெய் தடவி எடுத்து வைத்துவிட வேண்டும்.

இப்படிச் செய்வதில் ரசனையோடு சட்டமும் ஒத்துப்போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021-இல் வந்த வின்டேஜ் விதி, 50 ஆண்டு கடந்த காருக்கு ‘வி.ஏ.’ வரிசை எண் தருகிறது. கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். பழைய எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். பெரிய திருத்தம் கூடாது என்று சொல்லும்போது அந்த விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுவது சேசிஸ், உடல்கூடு, எஞ்சின் ஆகிய மூன்றை. ஹெரால்டின் நல்ல மாற்றங்கள் இந்த மூன்றிலும் கை வைப்பதில்லை. எஞ்சினை மாற்றியவரோ விற்கும் நாளில் ஆர்.சி.யில் இருக்கும் எண்ணையும் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அதனால் நல்ல ஹெரால்டோடு ஒரு கோப்பும் கைமாற வேண்டும். வெறும் சேசிஸாக நின்ற நாளின் படம், தகடு வெட்டிய இடங்களின் படம், வாங்கிய உதிரிகளின் பில், மாற்றியவற்றின் பட்டியல். பிறகு படிவம் 29, படிவம் 30. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். புளியரை தாண்டிக் கேரளத்துக்குப் போகிற வண்டியானால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28-உம் வேண்டும். எம் எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துப் பழைய எண்ணோடு, முதல் உரிமையாளரின் பெயரிலிருந்து சங்கிலி அறுபடாமல் வரும் ஆர்.சி. புத்தகம் இருந்தால், அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுப்பதுதான் மரியாதை.

ஓட்டிப் பார்க்கப் பண்பொழியைவிட வசதியான ஊர் அமையாது. கடைத்தெருவிலேயே முதல் சோதனை. சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் கார் இது, லண்டன் டாக்ஸிக்கு நிகர். பின்னால் எடுக்காமல், ஒரே மூச்சில், எதிர்த்திசைக்குத் திரும்பி வர வேண்டும். ஸ்டியரிங் கடைசிவரை ஒடியாமல் முனகினால் டிரன்னியன் ஞாபகம் வரட்டும். அடுத்து திருமலைக் குமாரசுவாமி கோயிலுக்கு ஏறும் மலைப்பாதை. 948 சி.சி. திணறும் இடத்தில் இரண்டாம் கியரில் போட்டு, எஞ்சின் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்கலாம். இறங்கும்போது டிஸ்க் பிரேக்குக்குக் கொடுத்த காசு நியாயமா என்று கால் சொல்லிவிடும். கடைசியாக மேக்கரைச் சாலை, தென்னந்தோப்புகளுக்கு நடுவே. வலப்பக்கமும் இடப்பக்கமும் பின்சக்கரங்கள் தனித்தனியே பள்ளத்தில் இறங்கி ஏறுவது இருக்கையில் தெரியும். வளைவின் நடுவே, வேண்டுமென்றே, காலை எடுத்துப் பார்க்கலாம். ஊசல் பட்டை அங்கே தன் வேலையைச் செய்யும்.

திரும்பி வந்து, தொகை பேசி முடிந்து, கையெழுத்தும் ஆனபிறகு டிக்கியிலிருந்து ஒரு சாக்குப் பை இறங்க வேண்டும். பழைய பிரேக் டிரம்கள், டைனமோ, பாயிண்ட் செட், துணியில் சுற்றிய பழைய பட்டை. ஒவ்வொன்றையும் எண்ணிக் கொடுத்துவிட்டு விற்றவர் பானெட்டை இறக்குவார். இடக்கொக்கி ஒரு ‘டக்’, வலக்கொக்கி ஒரு ‘டக்’. வாங்கியவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குனிந்து, மறுபடியும் கொக்கிகளை விடுவிப்பார்.