கேட்கிற காது

ஜாம் வாசிப்பு என்றதும் நம்மாட்களுக்கு விடுதலை ஞாபகம் வந்துவிடுகிறது. மையம் கிடையாது, தலைவன் கிடையாது, ஆளாளுக்கு இஷ்டம்போல வாசிக்கலாம் அப்படீன்னு. பேஸ் கிதார் வாசிக்கிற எனக்கு இதில் உடன்பாடில்லை.

1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் (படைப்பயிற்சிக்காகக் கட்டிய கூடம் அது!) கிரேட்ஃபுல் டெட் குழு வாசித்ததன் ஒலிப்பதிவைக் கேளுங்கள். 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' நிற்காமலேயே 'ஃபயர் ஆன் த மவுண்டன்' ஆக மாறுகிறது. இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கு மேல். பின்னதில் இருப்பது இரண்டே கார்டு. அந்த வறுமைக்குள்ள என்ன பண்றாங்க? ஜெர்ரி கார்சியாவின் கிதார் அவசரப்படாமல் அலைகிறது. ஃபில் லெஷின் பேஸ் ரூட் நோட்டில் போய் உட்காராமல் அதற்கு மறுபேச்சு பேசுகிறது. டிரம்மர்கள் இரண்டு பேர். ஒருவர் காலை ஒருவர் மிதிக்கவில்லை. அடுத்தவன் வாசிப்புக்கு ஒதுங்கி இடம் விடுவது லேசில் வராது. நான் இதைக் கட்டுப்பாடு என்றே சொல்வேன்.

மேடைக்கு வெளியேயும் ஒரு காது இருந்தது. இதைப் பதிவு செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண். கிடங்கு வாடகை கட்ட முடியாமல் அவருடைய டேப்புகள் 1986இல் ஏலம் போயின. அதே பதிவைத்தான் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. கார்சியாவின் விரல்களைக் கொண்டாடும் விமர்சனம் இந்த உழைப்பை எந்தக் கணக்கில் வைக்கிறது? லெஷின் அந்த மறுபேச்சு எனக்குக் கேட்பதே, பெட்டி அதை அமுக்காமல் கலந்ததால்தான்.