சவர்க்காரத்தில் ஒரு வரைபடம்

1996ஆம் ஆண்டு, ஜெரூசலம் பழைய நகரின் புதிய வாயிலுக்கு அருகிலிருந்த சிறிய கலைக்கூடமொன்றின் தரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சவர்க்காரக் கட்டிகள் இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் கொண்ட வெண்மையான பரப்பு அது. அதன்மேல் சிவப்புக் கண்ணாடி மணிகள் பதிக்கப்பட்டு, ஒன்றோடொன்று சேராத பல வடிவங்கள் உருவாகியிருந்தன. தொலைவிலிருந்து நோக்குபவருக்கு அவை தோலில் தோன்றிய தழும்புகள் போலவோ, கடலில் சிதறிய தீவுகள் போலவோ தோன்றக்கூடும். அருகே வந்தவர்களுள் அந்நகரவாசிகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மணிகள் வரைந்தது ஒஸ்லோ உடன்படிக்கையின்படி பலஸ்தீன அதிகாரசபையிடம் ஒப்படைக்கப்படவிருந்த நிலத்துண்டுகளின் வரைபடம். சவர்க்காரமோ நாப்லுஸ் நகரத்துடையது.

மோனா ஹாதூம் உருவாக்கிய அப்படைப்பு, நிகழ்காலத்தைக் குறிக்கும் இலக்கணச் சொல்லையே தலைப்பாகக் கொண்டது. அதே ஆங்கிலச் சொல் இறுக்கத்தையும் பதற்றத்தையும் குறிக்கும் என்பதால் தலைப்பிலேயே ஒரு சிலேடை ஒளிந்திருக்கிறது. கண்காட்சியை நேரில் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை. நிழற்படங்களின் வழியாகவும், கலைஞரின் நேர்காணல்களின் வழியாகவுமே அதனை அறிந்தோம். நிழற்படம் தரவியலாத ஒன்று இப்படைப்பில் உண்டு. அது அதன் வாசனை. அதனை இழந்த நிலையில்தான் நாம் இதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சிறு கண்காட்சியை இன்று எடுத்துப் பேசுவானேன் என்ற வினா எழலாம். நம் இல்லங்களின் முன்கூடத்தை எண்ணிப் பார்ப்போம். பொன்னிறக் குவிமாடம் ஒன்றின் படம் சுவரில் தொங்குகிறது. அதன் அடியில் பெரும்பாலும் மஸ்ஜிதுல் அக்ஸா என்று அச்சிடப்பட்டிருக்கும். உண்மையில் அது உமையா கலீஃபா அப்துல் மலிக் எழுப்பி, ஹிஜ்ரி 72இல் நிறைவுற்ற குப்பத்துஸ் ஸக்ரா. அக்ஸா பள்ளிவாசல் அதே வளாகத்தின் தென்புறத்தில், சாம்பல்நிறக் குவிமாடத்துடன் அடக்கமாக நிற்கிறது. ஒரு நகரின்பால் உள்ளம் உருகுவதாகச் சொல்லும் நாம், பெயர் மாறிய ஒரேயொரு படத்தின் மூலமே அதனை அறிந்து வைத்திருக்கிறோம். அங்கே மனிதர் வாழ்கிறார்கள், சவர்க்காரம் வாங்குகிறார்கள், ஓவியக்கூடம் திறக்கிறார்கள் என்பது நம் நாட்காட்டிப் படங்களுக்குள் வருவதில்லை. அல்குத்ஸின் கலை என்றதும் குவிமாடத்தையும் எழுத்தணியையும் தாண்டி நம் சிந்தை செல்லாதிருப்பது, அந்நகர மக்களுக்கு நாம் இழைக்கும் ஒரு சிறு அநீதி என்றே கருதுகிறோம்.

கலைக்கூடத்தின் பெயர் அனாதில். இராப்பாடிப் பறவையைக் குறிக்கும் அந்தலீப் என்ற சொல்லின் பன்மை அது. ஜெரூசலத்தில் பிறந்த ஆர்மீனியரான ஜாக் பெர்செகியன் 1992இல் இதனைத் தொடங்கினார். அரச ஆதரவோ பெருஞ்செல்வரின் அறக்கட்டளையோ இன்றி இயங்கிய சுயாதீனமான பலஸ்தீனக் கலைக்கூடம் அது. புலம்பெயர்ந்து வாழ்ந்த பலஸ்தீனக் கலைஞரை அழைத்து, அந்நகரில் சில வாரங்கள் தங்கச் செய்து, அங்கேயே படைக்கச் செய்வது அதன் பணிகளுள் தலையாயதாக இருந்தது. வெளியே உருவான படைப்பைப் பெட்டியில் கொணர்ந்து சுவரில் மாட்டுவது வேறு. கலைஞரையே கொணர்ந்து அந்நகரின் சந்தைக்குள் விட்டுவிடுவது வேறு. சவர்க்கார வரைபடம் இந்த இரண்டாம் முறையின் கனி.

அங்கு கலைக்கூடம் நடத்துவது எத்தகைய செயல் என்பதையும் சற்று நினைவூட்ட வேண்டும். 1967ஆம் ஆண்டின் 101ஆம் இராணுவ ஆணை மேற்குக் கரையில் அரசியல் சார்ந்த வெளியீட்டையும் கொடிகளையும் அனுமதிக்கு உட்படுத்தியது. ரமல்லாவில் 1979இல் கலைஞர்கள் சிலர் இணைந்து ‘கலரி 79’ என்ற கூடத்தைத் திறந்தனர். அது நீண்ட காலம் நீடிக்கவில்லை, இராணுவம் அதனை மூடியது. பலஸ்தீனக் கொடியின் நான்கு நிறங்களைத் தீட்டலாகாது என்று எச்சரித்த அதிகாரியிடம், அந்நிறங்களில் ஒரு மலரை வரைந்தால் என்னவாகும் என்று ஓவியர் ஒருவர் கேட்டதாகவும், தர்ப்பூசணியை வரைந்தாலும் பறிமுதல்தான் என்று அவர் விடையிறுத்ததாகவும் ஓவியர் சுலைமான் மன்ஸூர் நினைவுகூர்ந்துள்ளார். பழத்தைக் கண்டு அஞ்சும் அதிகாரத்தின் முன் சவர்க்காரம் தப்பித்துக்கொண்டது!

ஹாதூம் 1952இல் பெய்ரூத்தில் பிறந்தவர். பெற்றோர் ஹைஃபாவைச் சேர்ந்தவர்கள். 1975இல் குறுகிய பயணமாக லண்டன் சென்றிருந்தபோது லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டது. அவர் லண்டனிலேயே தங்க நேர்ந்தது. இருமுறை இடம்பெயர்ந்த வரலாறு இது. முதலாவது பெற்றோருடையது, இரண்டாவது அவருடையது. பெற்றோரின் தாயகத்துக்கு 1996இல் வந்த அவர், வந்த முதல் நாளிலேயே ஒஸ்லோ வரைபடத்தை எதிர்கொண்டார் என்று அவரே கூறியிருக்கிறார். 1995 செப்டெம்பரில் கைச்சாத்தான இரண்டாம் ஒஸ்லோ உடன்படிக்கை மேற்குக் கரையை மூன்று வகையாகக் கூறிட்டது. முழுமையாகப் பலஸ்தீனரின் நிர்வாகத்துக்கு வரும் ‘ஏ’ வலயம் தொடக்கத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடே. இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் எஞ்சிய ‘சி’ வலயம் 70 விழுக்காட்டுக்கும் மேல். சமாதானத்தின் பெயரால் வழங்கப்பட்ட காகிதத்தில் ஒரு நாட்டுக்குப் பதிலாகப் புள்ளிகளே இருந்தன. கலைஞர் அதில் எதனையும் மிகைப்படுத்தவில்லை. கோடுகளை அப்படியே எடுத்து வேறொரு பொருளின்மேல் இட்டார், அவ்வளவுதான். கோஷம் எழுப்பாமலே ஓர் உடன்படிக்கையின் உள்ளீட்டை அம்பலப்படுத்திய முறை இது.

அந்தப் பொருளைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஸைத்தூன் எண்ணெய், நீர், காரம் ஆகிய மூன்றே பொருட்களால் ஆவது நாப்லுஸ் சவர்க்காரம். ஜெரூசலத்தில் பிறந்த பத்தாம் நூற்றாண்டுப் புவியியலறிஞர் அல்முகத்தஸீ, பலஸ்தீனிலிருந்து வெளிச்செல்லும் பண்டங்களின் வரிசையில் சவர்க்காரத்தையும் சேர்த்திருக்கிறார். பிற்காலத்தில் நாப்லுஸின் செல்வத்துக்கு அதுவே அச்சாணியாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகரின் வணிகர், மலையக உழவர், யோர்தானுக்கு அப்பாலிருந்து காரச்சாம்பல் கொணர்ந்த பதூவிகள் ஆகியோரை ஒரே வலையில் பிணைத்தது இத்தொழில் என்பதை வரலாற்றாசிரியர் பிஷாரா தூமானீ விரிவாக ஆராய்ந்துள்ளார். மஸ்பனா எனப்படும் ஆலையின் நிலத்தடிக் கிணறுகளில் எண்ணெய் சேமிக்கப்படும். கீழ்த்தளத்தில் பெருங்கொப்பரையில் பல நாட்கள் காய்ச்சப்படும். பின்னர் மேல்தளத்துக்குச் சுமந்து சென்று தரை முழுவதும் ஊற்றி, ஆறியதும் கோடிட்டு, ஆலையின் முத்திரை குத்தி, கட்டிகளாக வெட்டுவர். வெட்டிய கட்டிகளைக் காற்று ஊடுருவுமாறு உள்ளீடற்ற கோபுரங்களாக அடுக்கி வாரக்கணக்கில் உலர விடுவர்.

இதனை அறிந்த பின் ஹாதூமின் படைப்பை மீண்டும் நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். தரையில் பரப்பி, அதன்மேல் கோடிடுவது மஸ்பனாத் தொழிலாளியின் அன்றாடச் செயல். அவரது கோடு பண்டத்தை உண்டாக்குகிறது, விலைபோகச் செய்கிறது, வீட்டுக்கு அனுப்புகிறது. பேச்சுவார்த்தை மேசையின் கோடு பிரிக்கிறது. ஒரே பரப்பின்மேல் இவ்விரு கோடுகளும் சந்திக்கின்றன. கட்டிகளின் நேர்த்தியான கட்டங்களைச் சிறிதும் பொருட்படுத்தாமல் மணிகளின் கோடு குறுக்கே வளைந்து செல்கிறது. நம் பார்வையில் இப்படைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. விமர்சகர் பலர் சவர்க்காரத்தின் கரையும் தன்மையைப் பற்றியே பேசி, அதன் தொழிலைக் கவனியாது விட்டனர்.

கரையும் தன்மை பற்றிய வாசிப்பு பார்வையாளரிடமிருந்தே வந்தது. இது கரைந்துவிட்டால் இந்த எல்லைகளும் இல்லாமற் போகும் என்பதற்காகத்தான் இப்படிச் செய்தீர்களா என ஒருவர் கேட்டதாக ஹாதூம் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வியின் ஏக்கத்தை நாம் மதிக்கிறோம். எனினும் அந்த வாசிப்பில் முழுமையாக உடன்பட இயலவில்லை. கரைவது எல்லை மட்டுமன்று, அது எழுதப்பட்ட மண்ணின் விளைபொருளும் சேர்ந்தே கரையும். மணிகள் கண்ணாடியாலானவை, நீர் பட்டாலும் அவை எஞ்சும். மக்களின் பொருள் போய், பிரித்த புள்ளிகள் தரையில் உருண்டு கிடக்கும் காட்சியையும் இப்படைப்பு தன்னுள் வைத்திருக்கிறது. கலைஞர் அதனை எண்ணினாரோ இல்லையோ, 1996க்குப் பின் நிகழ்ந்தவை இவ்வாசிப்பையே வலுப்படுத்துகின்றன. இடைக்கால ஏற்பாடு என்று சொல்லப்பட்ட அந்த வலயங்கள் நிலைத்துவிட்டன. 2002இல் பிரிப்புச் சுவரின் கட்டுமானம் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் நாப்லுஸ் பழைய நகரின்மீது நடந்த படையெடுப்பில் சவர்க்கார ஆலைகளும் இடிபட்டன.

இஸ்ரேலியப் பார்வையாளருக்குச் சவர்க்காரம் நாஜி வதைமுகாம்களை நினைவூட்டியதையும் ஹாதூம் குறிப்பிட்டிருக்கிறார். அந்த நினைவை எள்ளி நகையாடும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயினும், காலடியில் கிடந்த பொருள் அறுபது கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒரு நகரின் பெயரைத் தன் வாசனையிலேயே சொல்லிக்கொண்டிருந்தது. அந்நகரை அறியாதவருக்கு அந்த வாசனை எட்டவில்லை. ஒரே அறையில் நின்ற அண்டை அயலார் வேறு வேறு பொருள்களைக் கண்டனர் என்பதைவிட அந்நாட்டின் நிலையைச் சொல்ல வேறென்ன வேண்டும்?

முதலில் ஆணிகளையே சவர்க்காரத்தில் பதிக்க ஹாதூம் எண்ணியிருந்தார். அது வன்மமாகவும் துயரமாகவும் தோன்றியமையால் கண்ணாடி மணிகளுக்கு மாறினார். இத்தெரிவைப் பற்றி நமக்கு ஐயம் உண்டு. மணிகளின் மினுமினுப்பு பரப்பை அழகுபடுத்திவிடுகிறது. அணிகலனைக் காணும் இன்பத்துடன் ஒருவர் இதைக் கடந்து சென்றுவிடலாம். அக்கோடுகளுக்குள் அடைபட்டவர்க்கு அவை ஆணிகளே. மறுபுறம், ஆணி என்றால் பார்வையாளர் வாசலிலேயே பொருளை உணர்ந்துகொண்டு திரும்பியிருப்பார். மணி அவரைக் குனிந்து பார்க்கச் செய்கிறது. அந்தக் குனிவின்போதுதான் எண்ணெயின் வாசனை மூக்கை எட்டியிருக்கும். இரு பக்கமும் நியாயம் உண்டு என்றாலும் நம் மனம் ஆணியின் பக்கமே சற்றுச் சாய்கிறது.

மண்ணின் பொருளைக் கலைக்குள் கொணர்வது ஹாதூமிடம் தொடங்கியதன்று. 1987இல் முதல் இன்திஃபாழா எழுந்தபோது சுலைமான் மன்ஸூர், நபீல் அனானீ, தைஸீர் பரகாத், வேரா தமாரீ ஆகிய நால்வர் இஸ்ரேல் வழியாக வந்த வண்ணங்களைப் புறக்கணித்து, களிமண், வைக்கோல், மருதாணி, தோல் முதலியவற்றால் படைக்கத் தொடங்கினர். மன்ஸூரின் களிமண் உருவங்கள் உலர்ந்து வெடித்தன; அவ்வெடிப்பையே அவர் தம் கலையின் மொழியாக்கினார். ஹாதூமின் படைப்பை லண்டனிலிருந்து வந்தவரின் ஒரு மாதச் சாதுரியம் என ஒதுக்குவோர் இந்த மரபை மறக்கின்றனர். அவரை மட்டும் உலகக் கலைஞர் எனக் கொண்டாடுவோரும் அதையே மறக்கின்றனர்.

இஸ்லாமியக் கலை குறித்துப் பேசும் இப்பக்கங்களில் இப்படைப்புக்கு என்ன இடம் என்று கேட்கப்படலாம். இதில் வசனம் இல்லை, அரபெஸ்க் இல்லை. படைத்தவரும் கூடத்தை நடத்தியவரும் முஸ்லிம்கள் அல்லர். எனினும் ஸைத்தூனும், தஹாராவுக்குரிய நீரும், அங்காடியும் ஒரு நாகரிகத்தின் அன்றாடத்தைச் சேர்ந்தவை. அந்த அன்றாடத்தை முஸ்லிமும் கிறிஸ்தவரும் சேர்ந்தே வளர்த்தனர். உருவம் தீட்டலாமா ஆகாதா என்ற விவாதத்திலேயே நம் கலைச்சிந்தனை தேங்கிக் கிடக்கையில், உருவமே இன்றி ஒரு மக்களின் நிலையைச் சொல்ல முடியும் என்பதை இச்சிறு கூடம் காட்டியது.

மேற்குக் கரை மக்கள் ஜெரூசலத்துக்குள் நுழைய 1993 மார்ச் முதல் அனுமதிச்சீட்டுப் பெற வேண்டியிருந்தது. ஆகவே சவர்க்காரம் கண்காட்சிக்கு வந்த எளிமையுடன் அதனைக் காய்ச்சியவர் வந்திருக்க இயலாது. இன்று அப்படைப்பு லண்டனின் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. பெர்செகியனும் நண்பர்களும் 1998இல் அல்மஃமல் நிறுவனத்தைத் தொடங்கி, புதிய வாயிலருகே பழைய தரையோட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பணியைத் தொடர்ந்தனர். நாப்லுஸில் எஞ்சிய மிகச் சில ஆலைகளின் தொழில் மரபை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே கட்டிகள் இன்றும் கையால் வெட்டப்பட்டு, கோபுரங்களாக அடுக்கப்பட்டு, காற்றில் உலர்கின்றன.