ஏமாற்றித்தான் அழைத்து வந்தார்களா? புலம்பெயர்வு இலக்கியமும் நம் வகுப்பறையும்

சென்ற ஆண்டு படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். ‘என் முன்னோர் ஏன் மலாயாவுக்கு வந்தனர்?’ வீட்டில் கேட்டு எழுதுங்கள் என்று ஒரு வாரம் விட்டேன். கட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால், ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்பத் திருத்துவதுபோல் இருந்தது. வெள்ளைக்காரன் ஆசை காட்டினான். கங்காணி ஏமாற்றினான். மரத்தை உலுக்கினால் காசு கொட்டும் என்றான். நம்பிக் கப்பலேறினார்கள். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது. வீட்டில் கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்காமலேயே எழுத முடிகிற அளவுக்கு அந்தக் கதை எல்லாருக்கும் மனப்பாடம்.

கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்த அன்று ஒரு பையன் கேட்டான்: “அப்படின்னா எங்க பூட்டன் முட்டாளா டீச்சர்?” வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது இலக்கியக் கேள்வி. அந்தக் கதையை அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம்தானே?

ஏமாற்று நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நடந்தது. கங்காணிக்கு ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு இருந்தது. தேயிலைச் செடியின் அடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று இலங்கைக்கு ஆள் பிடித்த கதை மலையகத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. நான் கேட்பது வேறு. ஏமாற்றப்பட்டவர் என்பதைத் தவிர அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல நம் இலக்கியத்தில் வேறொன்றும் இல்லையா?

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் மணிக்கொடியில் வந்த கதை. வாசவன்பட்டி மருதியை நம்மில் பலர் வகுப்பில் பயன்படுத்தியிருப்போம். கணவன் வெள்ளையன் சிறையில், வயிற்றில் பிள்ளை, ஊரில் நாதியில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அங்கே வெள்ளைக்கார துரை, நோய், அவமானம். படித்து முடித்த மாணவர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கதையின் பலம் அது.

ஆனால் திரும்பப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஊரைவிட்டு ஏன் போகிறாள் என்பதைப் புதுமைப்பித்தன் விரிவாகக் காட்டுகிறார். ஏன் இலங்கைக்கு என்ற கேள்வி கதையில் எழவே இல்லை. எழவும் முடியாது. மருதிக்கு இருந்தது ஒரே கதவு; அதில் கங்காணி நிற்கிறான். இதைக் கதையின் குறை என்று சொல்ல மாட்டேன். குறை நம்முடையது. மருதியின் ஒரே கதவை எடுத்து, கப்பலேறிய அத்தனை பேருக்கும் பொருத்திவிட்டோம்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கதைகளை எழுதியவர்கள் யார்? ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடிய பாரதி பிஜித் தீவைப் பார்த்ததில்லை. புதுமைப்பித்தன் தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்தவர் அல்லர். ‘பால்மரக் காட்டினிலே’ எழுதிய அகிலன் நம் நாட்டுக்கு விருந்தினராக வந்து பார்த்துவிட்டுப் போனவர். அவர்களுடைய இரக்கம் உண்மையானது, சந்தேகமே இல்லை. ஆனாலும் அவர்கள் எல்லாரும் ஊரில் நின்றுகொண்டு கப்பலைப் பார்க்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் புறப்படுவதே ஓர் ஏமாற்றுபோலத்தான் தெரியும். முத்தம்மாள் பழனிசாமியின் ‘நாடு விட்டு நாடு’ நூலைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வித்தியாசம் புரியும். கொங்கு நாட்டிலிருந்து மலாயா வந்த பெற்றோரின் கதையை இங்கே வாழ்ந்த மகள் எழுதுகிறார். அதில் வருகிறவர்கள் வெறும் ‘கூலிகள்’ இல்லை. பேரும் குணமும் பிடிவாதமும் உள்ள மனிதர்கள்.

ப. சிங்காரத்தை ஏன் நாம் வகுப்புப் பக்கம் கொண்டுவருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் கேள்வி. சிங்கம்புணரிக்காரர். பதினெட்டு வயதில், 1938இல், சுமத்திராவின் மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர், 1946இல் திரும்பினார். அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’யில் நாடு என்பது பேச்சில் புரளும் சரக்கு. பினாங்கு எப்படி, மெடான் எப்படி, எந்தக் கடையில் யார் மேலாள், யார் அடுத்தாள், எங்கே போனால் கையில் நாலு காசு நிற்கும் என்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பெட்டியடிப் பையனாகப் போகிறவனுக்குக்கூட ஒரு கணக்கு உண்டு: இத்தனை வருடம், இவ்வளவு சம்பளம், பிறகு ஊர். கணக்கு தப்பிப் போவதுதான் நாவல். மதுரையையே நினைத்துக்கொண்டு அலையும் பாண்டியன் கடைசிவரை மதுரைக்குப் போய்ச் சேருவதில்லை. அவனை நினைத்து வருந்துகிறோம்; ஆனால் ஏமாளி என்று ஒரு நிமிடமும் நினைப்பதில்லை. தன் கணக்கைத் தானே போட்ட மனிதன் அவன்.

‘அது கடைக்காரர்கள் கதை, தோட்டத் தொழிலாளிக்கு ஏது கணக்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பட்டயப் பயிற்சிக் காலத்தில் ஓர் ஒப்படைப்புக்காகக் குடியேற்ற வரலாற்றைப் படிக்க வேண்டியிருந்தபோதுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

1920களில் சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பண்ணையாள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் மூன்று நாடுகளின் பெயர்கள் அடிபடும். இலங்கை பக்கம். தனுஷ்கோடியில் ஏறினால் தலைமன்னார். அப்பன் செத்தால் ஊருக்கு வந்துவிடலாம். பெண்டு பிள்ளைகளோடு போகலாம். ஆனால் கங்காணியிடம் கடன் ஏறும். ‘துண்டு’ என்ற கடன்சீட்டு முறை 1921 வரை இருந்தது. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்தது, 1937இல்தான் பிரிந்தது. நெல் அறுப்புக்குப் போய்விட்டுத் திரும்பலாம், ரங்கூன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கலாம். ஆனால் பெரும்பாலும் ஆண்கள் தனியாகப் போகிற ஊர். மலாயா தூரம். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறினால் ஏறக்குறைய ஒரு வாரம் கடல்தான். பிறகு பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தடுப்புக்காவல் முகாம் வேறு. நினைத்தபோது திரும்ப முடியாது. ஆனால் 1907இல் முதலாளிகளின் பணத்தில் குடியேற்ற நிதி ஒன்று தொடங்கியபின் கப்பல் செலவு தொழிலாளியின் தலையில் ஏறவில்லை. 1910இல் ஒப்பந்தக் கூலிகளை எடுப்பதும் நின்றது. ஒரு மாத அறிவிப்புக் கொடுத்து வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்பது சட்டம். நடைமுறையில் அது எவ்வளவு செல்லுபடியானது என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். சட்டப் புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த விவரமெல்லாம் அந்தப் பண்ணையாளுக்கு எப்படித் தெரியும்? புத்தகம் படித்து இல்லை. போய்த் திரும்பியவர் சொல்லித்தான். கங்காணியே பெரும்பாலும் அதே ஊர்க்காரர், அதே சாதிக்காரர், சில சமயம் சொந்தக்காரர். பொய் சொன்ன கங்காணி அடுத்த தடவை அந்த ஊருக்குள் கால் வைக்க வேண்டுமே. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தோட்டத்தில் கூட்டமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். உங்கள் வட்டாரத்தில் விசாரித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தார் கணக்கு இன்னொரு விதம்: ஆங்கிலம் படித்து, ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகத்திலும் வேலை உண்டு என்று தெரிந்துகொண்டே பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள்.

நம் இலக்கியத்தில் போதிய இடம் பெறாத உண்மை ஒன்று இதற்குள் இருக்கிறது. யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள், ஆனால் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. பக்கத்து நாடு, பாதுகாப்பு என்று இலங்கைக்குப் போனவர்களின் பிள்ளைகள் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கு போட்டார்கள். சீக்கிரம் திரும்பலாம் என்று பர்மாவுக்குப் போனவர்கள் 1942இல் நடந்தே திரும்ப வேண்டியதாயிற்று. மீதிப் பேரில் பலர் 1960களில் கடைகளைப் பறிகொடுத்துவிட்டு வந்தார்கள். தூரம் என்று பயந்துகொண்டே மலாயாவுக்கு வந்தவர்களுக்கோ சயாம் ரயில் பாதை காத்திருந்தது, அதற்குப் பிறகு குடியுரிமையும் காத்திருந்தது. அண்ணன் கண்டிக்கும் தம்பி கிள்ளானுக்கும் போயிருந்தால் பேரப்பிள்ளைகளின் தலையெழுத்தே வேறு. இதைவிட நாவலுக்கு என்ன வேண்டும்?

இரண்டாவது தடவையும் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. அது நம் பாட்டி தாத்தா காலம். 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பர்மிட் எடுக்க வேண்டும். 1969 மே கலவரத்துக்குப் பிறகு அந்தச் சட்டம் இறுகியது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 60,000 பேர் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறியதாக எழுதியிருக்கிறார்கள்.

என் பாட்டியும் சிவப்பு அட்டைதான். கோல லங்காட்டில் ஒரு தோட்டம். அவருடைய தம்பி போனார், இவர் போகவில்லை. ஏன் என்று இருபது வருடமாக நான் கேட்டதே இல்லை. அந்தப் பையன் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் போய்க் கேட்டேன். பெரிதாக ஏதாவது சொல்வார், பிறந்த மண், பிள்ளைகளின் எதிர்காலம் என்று. “ரெண்டு மாடு கெடந்துச்சு. ஒண்ணு சென. ஒங்க தாத்தாவோட அண்ணன் ஊர்ல நெலத்த எழுதி வாங்கிட்டாருன்னு லெட்டர் வந்துச்சு. பெறகு அங்க போயி யார் வீட்டுத் திண்ணையில ஒக்கார்றது?” அவ்வளவுதான். தம்பியைப் பற்றிக் கேட்டேன். “அவன் ஒவ்வொரு லெட்டர்லயும் கோடாலித் தைலம் அனுப்புன்னுதான் எழுதுவான். நல்லாருக்கேன்னு எழுதுவான். எனக்கு என்ன தெரியும்?” இதில் கங்காணி இல்லை, வெள்ளைக்காரன் இல்லை. ஒரு சினை மாடும் போய்விட்ட நிலமும் சேர்ந்து ஒரு குடும்பத்துக்கு நாட்டைத் தீர்மானித்திருக்கின்றன.

தேர்ந்தெடுத்தேன் என்று வாய்விட்டுச் சொல்லவே முடியாத நிலையும் உண்டு. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) பிரான்சில் அகதித் தஞ்சம் கேட்கும் விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. உயர்நிலை மாணவர்களுக்கும் முழு நாவலைப் பரிந்துரைக்க மாட்டேன், மொழியும் வன்முறையும் கடுமை. ஆனால் ஆசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ‘எனக்கு வேறு வழியில்லை’ என்று நிரூபித்தால்தான் தஞ்சம். ‘விசாரித்துப் பார்த்து உங்கள் நாட்டுக்கு வந்தேன்’ என்று ஒருவர் எழுதினால் விண்ணப்பம் குப்பைக்குப் போகும். ஆகவே மனிதர் தன் அறிவையே மறைத்துக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது. அந்த விண்ணப்பத்தைப் படித்தபோது என் மாணவர்களின் கட்டுரைகள் நினைவுக்கு வந்தன. நாமும் நம் முன்னோர்களுக்காக ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டே இருக்கிறோமோ? பாவப்பட்டவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், ஆகவே இங்கே இருக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று. அந்த உரிமைக்கு முட்டாள் பட்டம் எதற்கு? காட்டை அழித்தார்கள், ரயில் பாதை போட்டார்கள், பால் வெட்டினார்கள், அது போதாதா?

இது பழங்கதை இல்லை, நண்பர்களே. எங்கள் பந்திங் வானத்தில் கேஎல்ஐஏ விமானங்கள் தாழப் பறக்கின்றன. கடைசி வரிசையில் இருக்கிற பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் இலக்கணம் படிக்கிறான். ஒருவன் அண்ணன் சிங்கப்பூரில், ஒருத்தியின் மாமா மெல்பர்னில். ஆனால் மாதிரிக் கட்டுரை நூல்களைப் புரட்டுங்கள். ‘அறிவாளிகள் வெளியேற்றம்’ என்ற தலைப்பில் வெளிநாடு போகிறவர் நன்றி கெட்டவர். கடைசிப் பத்தியில் தாய்நாட்டுக்குச் சேவை செய்ய அறைகூவல். பூட்டன் போனால் ஏமாளி, பேரன் போனால் துரோகி. இரண்டுக்கும் நடுவே யோசித்து முடிவெடுக்கிற ஒரு சாதாரண மனிதரை எழுத நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

இந்த ஆண்டு தலைப்பை மாற்றினேன். ‘துன்பக்கேணி’யில் ஒரு பகுதி, சிங்காரத்தில் இரண்டு பக்கம், மேலே சொன்ன மூன்று நாட்டு விவரம் ஒரு தாளில். மூன்று பாட வேளை. பிறகு கட்டுரை: ‘1925இல் நீங்கள் இருந்தால் எந்த நாடு? ஏன்?’ இலங்கை என்று எழுதியவர்கள் அதிகம், எனக்கே ஆச்சரியம். “அம்மா செத்தா வந்திரலாம்ல டீச்சர்” என்றாள் ஒரு மாணவி. கப்பலே ஏறமாட்டேன், ஊரிலேயே பண்ணையாரை எதிர்த்து நிற்பேன் என்று ஒருத்தன். அவனுக்கும் நல்ல மதிப்பெண்தான்.

விரும்பினால் 1925ஐ விட்டுவிட்டு இன்றைக்கும் எழுதலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரே ஒருவன் எழுதினான், முதலில் கேள்வி கேட்ட அதே பையன். அவன் அப்பா லாரி ஓட்டுகிறார்; சிங்கப்பூரில் பேருந்து ஓட்டப் போகலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. வாடகை, ரிங்கிட் மாற்று விலை, தங்கச்சியின் ஆஸ்துமா, ஞாயிற்றுக்கிழமை இரவு ஜொகூர் பாலத்து நெரிசல், எல்லாம் எழுதியிருந்தான். முடிவுப் பத்தி மட்டும் இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

“அப்பா இன்னும் முடிவு பண்ணல டீச்சர்.”

சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.