கனவு காணாத மனிதர்

போன வருடம் ஓகஸ்ட் கடைசியில் மொண்டெல்லோவில் அக்கா வீட்டில் நின்றேன். ‘வீடு’ என்று சொல்வது பழக்கத்தில்தான். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு வில்லாவின் பின்பக்கத்தில் இரண்டு அறைகள். முன்பக்கத்தில் இருக்கும் முதியவரை அக்கா பராமரிக்கிறார், அத்தான் தோட்டத்தைப் பார்க்கிறார். பலெர்மோவில் எங்கள் ஆட்களில் கனபேருடைய வாழ்க்கை இப்படித்தான்.

ஓரிரவு சாப்பாட்டுக்குப் பிறகு மருமகள் ஒரு படத்தைப் போட்டாள். ‘ஆ தெஸ்தா அல்தா’, தலை நிமிர்ந்து என்று பொருள். 2018 ஜனவரியில் கனாலே 5 தொலைக்காட்சியில் வந்தது. ‘லிபெரி சொஞ்ஞத்தோரி’, அதாவது ‘சுதந்திரக் கனவாளர்கள்’ என்ற நான்கு படத் தொடரில் முதலாவது. கிராத்சியானோ தியானா இயக்கியது. லிபெரோ கிராஸ்ஸியாக ஜோர்ஜியோ திராபாஸ்ஸி, அவருடைய மனைவி பீனாவாக மிக்கேலா செஸ்கோன்.

கிராஸ்ஸியின் கதை இத்தாலியில் எல்லோருக்கும் தெரியும், எங்களில் பலருக்குத் தெரியாது. பலெர்மோவில் சீக்மா என்ற உள்ளாடைத் தொழிற்சாலை வைத்திருந்தவர். மாஃபியா கேட்ட கப்பத்தை, அங்கே அதற்குப் பெயர் ‘பித்சோ’, கொடுக்க மறுத்தார். 1991 ஜனவரி 10 அன்று ‘ஜொர்னாலே தி சிச்சிலியா’ நாளிதழில் தன்னிடம் கப்பம் கேட்பவனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஏப்ரலில் தேசியத் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசினார். ஓகஸ்ட் 29 காலை, வீட்டுக்குப் பக்கத்தில் அல்ஃபியேரி வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

படம் முடிந்ததும் அக்கா, “பாவம் அந்த மனுசி” என்றார். அவருக்குப் படம் முழுக்க பீனாவின் படம்தான். அத்தான் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உவருக்கு என்ன தேவையில்லாத வேலை? காசைக் குடுத்திட்டு இருந்திருக்கலாம்” என்றார். பலெர்மோவில் பிறந்த மருமகளுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்பா, மற்ற முதலாளிமார் எல்லாரும் எங்க போனவை? அதைக் கேளுங்கோ முதல்ல.”

மூன்று எதிர்வினைகள். நான்காவது என்னுடையது, அன்றிரவு அதை நான் சொல்லவில்லை.

முதலில் படத்தைப் பற்றி. திராபாஸ்ஸியின் நடிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் பிரச்சினை தொடரின் தலைப்போடு. கிராஸ்ஸி கனவாளர் அல்ல. அந்தக் கடிதத்தை வாசித்தால் தெரியும். மிரட்டும் தொலைபேசி அழைப்புகளையும், திரி, குண்டு, தோட்டா வாங்கும் செலவையும் மிச்சம் பிடியுங்கள், நாங்கள் பணம் தரப்போவதில்லை, பொலிஸ் பாதுகாப்பைக் கேட்டிருக்கிறோம் என்பதுதான் அதன் சாரம். கொலைகாரனுடைய வரவுசெலவுக் கணக்கைக்கூடப் பார்க்கிற குரல் அது. தொலைக்காட்சியில் அவர் சொன்ன காரணமும் அப்படித்தான்: பணம் கொடுத்தால் தொழிலைப் பற்றி எடுக்கும் முடிவுகளை மாஃபியாக்காரனோடு பங்குபோட வேண்டிவரும், அது ஒரு தொழிலதிபருடைய மானத்தைக் கைவிடுவது. இது நிர்வாகம் தெரிந்தவருடைய பேச்சு. இதைக் ‘கனவு’ என்று சொன்னால் நாங்கள் தப்பித்துவிடலாம். கனவு காண்பது சிலருக்கு வாய்க்கும், எங்களுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதானே. அக்காவின் ‘பாவமும்’ அத்தானின் ‘தேவையில்லாத வேலையும்’ இந்த ஒரே வாசலால்தான் வருகின்றன.

ஆனால் அத்தானைக் கோழை என்று எழுத எனக்கு மனமில்லை. எழுபதுகளின் கடைசியில் பிறந்த யாழ்ப்பாணத்துக்காரன் நான். வரி, பங்களிப்பு, பற்றுச்சீட்டு என்ற சொற்களெல்லாம் எங்களுக்குப் பழக்கம். மனமுவந்து கொடுத்தவர்கள் கனபேர், அதை மறுக்கவில்லை. ஆனால் கதவைத் தட்டியவர்களின் முகத்தைப் பார்த்துக் கொடுத்தவர்களும் உண்டு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இறுதி யுத்தத்துக்கென்று காசு எப்படிக் கேட்கப்பட்டது என்பதை 2006 மார்ச்சில் ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் அமைப்பு ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. அந்த அறிக்கையைத் துரோகம் என்றவர்கள் இருந்தார்கள். வாசித்துவிட்டு மௌனமாக இருந்தவர்கள் அதைவிட அதிகம். காசைக் கொடுத்துவிட்டு இருந்திருக்கலாம் என்று அத்தான் சொன்னபோது அவர் கிராஸ்ஸியை மட்டும் நினைத்திருக்கமாட்டார்.

இதே நேரத்தில் இன்னொரு தொடரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2024 ஜனவரி முதல் வாரத்தில் பிரித்தானியாவின் ஐரிவி ஒளிபரப்பிய ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஒஃபிஸ்’. ஃபுஜிட்சுவின் ஹொரைசன் மென்பொருள் தவறாகக் கணக்குக் காட்டியது, அதற்காகத் தபால் நிலையம் நடத்தியவர்கள் திருடர்களாக்கப்பட்டார்கள். அவர்களில் எங்கள் தெற்காசியர்களும் பலர். இந்த விவகாரத்தை ‘கம்பியூட்டர் வீக்லி’ 2009லேயே எழுதிவிட்டது. 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. ஆனாலும் நான்கு இரவுத் தொடர் முடிந்த பிறகுதான் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் முன்னாள் தலைமை அதிகாரியின் விருதைப் பறிக்கக் கோரிக் கையெழுத்திட்டார்கள். அந்த மே மாதமே தண்டனைகளை ரத்துச் செய்யும் சட்டம் நிறைவேறியது.

அங்கே பார்வையாளருக்குக் கோபம் ஏன் இவ்வளவு விரைவாக வந்தது? ஏனென்றால் அங்கே ஒவ்வொருவரும் தன்னைத் தபால்காரராகப் பார்க்கலாம், அது நிரபராதியின் இடம். கிராஸ்ஸி படத்தில் அந்த வசதி இல்லை. அவருடைய இடத்தில் நிற்க எங்களுக்குத் துணிவில்லை, கொலைகாரனுடைய இடத்திலும் நாங்கள் இல்லை. மிஞ்சுவது ஒரே இடம்: பலெர்மோ தொழிலதிபர் சங்கம். அதன் தலைவர் கிராஸ்ஸி செய்ததை வெறும் ஆரவாரம் என்று தட்டிக்கழித்தார். உறுப்பினர்கள் அவரைத் தனியே விட்டார்கள். மருமகள் கேட்டது அவர்களைப் பற்றித்தான். இந்தக் கதையைப் படமாக்குபவர் எவரும் கமெராவைக் கூடுதல் நேரம் வைத்திருக்க வேண்டிய இடமும் அதுதான்.

என்னுடைய எதிர்வினையை இனிச் சொல்லவேண்டும். ஹொரைசன் தொடரைப் பார்த்தபோது என்னுடைய ஆள் பேட்ஸ் அல்ல. ஃபுஜிட்சுவில் முன்பு வேலைசெய்த ரிச்சர்ட் ரோல்தான். கிளைகளின் கணக்கை வெளியிலிருந்து மாற்றமுடியும் என்று 2015இல் பிபிசியிடம் சொன்னவர். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளை மாற்றும் வேலையில் இருந்தேன். இரவுவேலை செய்யும் துப்புரவுப் பணியாளர் சிலருக்குக் கொடுப்பனவு குறைவாக வருவதைச் சோதனையில் கண்டேன். மேலாளருக்கு எழுதினேன். அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்று பதில் வந்தது. என் ஒப்பந்தம் புதுப்பிக்க இரண்டு மாதம் இருந்தது. நான் இரண்டாவது தடவை எழுதவில்லை. என்னை யாரும் சுட்டிருக்கமாட்டார்கள். அக்காவைப்போல வேலை செய்கிறவர்களின் காசு அது.

கிராஸ்ஸி இறந்த பிறகு கப்பத்துக்கு எதிரான சட்டம் வந்தது, பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி வந்தது. 2004இல் ‘அத்தியோபித்சோ’ இயக்கத்தைத் தொடங்கியவர்கள் இளைஞர்கள். 2016இல் பலெர்மோவின் மாகுவேதா வீதியில் கப்பம் கேட்டவர்களைக் காட்டிக்கொடுத்த கடைக்காரர்களில் பெரும்பாலோர் பங்களாதேஷ்காரர்கள். வந்தேறிகள், பாஷை பாதி தெரிந்தவர்கள், எங்களைப் போன்றவர்கள். அவர்கள் ஒருவர் ஒருவராக அல்ல, சேர்ந்து போனார்கள். பத்துப் பேர் கைதானார்கள். மாஃபியாவைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் அடுத்ததாக அந்தக் கடைத்தெருவுக்குப் போகலாம். அதைப் பார்த்தால் அத்தான் என்ன சொல்வார் என்று அறிய எனக்கு ஆசை.

அடுத்த நாள் ஓகஸ்ட் 29. அல்ஃபியேரி வீதியில் ஒவ்வொரு வருடமும் கிராஸ்ஸியின் குடும்பத்தார் கையால் எழுதிய ஒரு தாளைச் சுவரில் ஒட்டுவார்கள். கொன்றது மாஃபியா மட்டுமல்ல, தொழிலதிபர் சங்கத்தின் மௌனமும் கட்சிகளின் அலட்சியமும் அரசு இல்லாமற்போனதும்தான் என்று அதில் இருக்கும். மருமகளோடு நானும் போனேன். அத்தான் வரவில்லை. ஆனால் பஸ்ஸுக்குக் காசை அவர்தான் மேசையில் எடுத்து வைத்திருந்தார்.